எம்சிஎஃப்-7 செல்லுல இலை எக்ஸ்ட்ராக்ட் கொஞ்சமா போட்டா வளருது, நிறைய போட்டா சாகுது. எதை நம்புறது?

இரவுபிளேட்:

எல்லாருக்கும் வணக்கம். பிஹெச்டி ரெண்டாவது வருஷம் பண்றேன், பயோகெமிஸ்ட்ரி. பயறு குடும்பத்துச் செடி ஒண்ணோட இலைய நிழல்ல காயவெச்சு மெத்தனால்ல ஊறப்போட்டு எடுத்த எக்ஸ்ட்ராக்டை எம்சிஎஃப்-7ங்கற மார்பகப் புற்றுநோய் செல்லுல போட்டுப் பாத்துட்டு இருக்கேன். இந்தக் குடும்பத்துல ஐசோஃப்ளேவோன் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி அமைப்பு இருக்கற செடிப் பொருள்) நிறைய இருக்கும்ங்கறதால ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஏதாவது வேலை செய்யுதான்னு பாக்கறதுதான் முதல்ல போட்ட பிளான்.

96 வெல் பிளேட், ஒரு வெல்லுக்கு 10,000 செல், ஆர்பிஎம்ஐ மீடியம் (செல்லை வளர்க்கற திரவம்) 10 சதவீதம் எஃப்பிஎஸ் (சீரம்), 48 மணி நேரம், கடைசில எம்டிடி (உயிரோட இருக்கற செல்லை நிறத்தை வெச்சு அளக்கற டெஸ்ட்). எக்ஸ்ட்ராக்ட் 0.1, 1, 10, 50, 100 மைக்ரோகிராம்/மில்லி. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) 10 நானோமோலார்.

வந்தது என்னன்னா 1 மைக்ரோகிராம்ல கன்ட்ரோலை விட 1.3 மடங்கு, மூணு தடவை பண்ணியும் கிட்டத்தட்ட அதே. 10ல கன்ட்ரோல் அளவுதான். 100ல 30 சதவீதம்தான் மிச்சம். ஆனா எஸ்ட்ரடையாலே 1.15 மடங்குதான் குடுக்குது, இலை எஸ்ட்ரடையாலை விட ஸ்ட்ராங்கா இருக்க முடியுமான்னு எனக்கே நம்பிக்கை வரல.

கைடு என்ன சொல்றாருன்னா, 100ல வந்தத வெச்சு மார்பகப் புற்றுநோய் செல்லைக் கொல்லும் எக்ஸ்ட்ராக்ட்னு பேப்பர் எழுதிடலாம், 1 மைக்ரோகிராம்ல வந்தது சும்மா நாய்ஸ், கிராஃபை 10ல இருந்து ஆரம்பிச்சுக்கோன்னு. நல்ல மனுஷன்தான், என் ஃபெலோஷிப் முடியப்போகுதேன்னு அவரும் அவசரப்படறாரு. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மூணு தடவை வந்தது எப்படி நாய்ஸ் ஆகும்? நெஜமாவே குறைஞ்ச அளவுல அந்த செல்லை இது வளர்க்குதுன்னா அதை மறைச்சுட்டு கேன்சருக்கு நல்லதுன்னு எழுதறது தப்பில்லையா? எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரித்தூள்:

தம்பியோ தங்கச்சியோ தெரியல, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தூக்கம் வராம இருக்கறது நல்ல அறிகுறி, அந்த 1 மைக்ரோகிராம் பாயிண்டை விட்டுடாதீங்க. நான் இதே செல்லோட ஒன்பது வருஷம் இருந்தவ.

உங்க பிரச்சனை இலைல இல்ல, மீடியத்துல இருக்கு. எஸ்ட்ரடையால் 1.15 மடங்குதான் குடுக்குதுன்னா உங்க கன்ட்ரோல் வெல்லுல ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜன் இருக்குன்னு அர்த்தம், செல்லு வயிறு நிறைஞ்சு உக்காந்திருக்கு, அதுக்கு மேல நீங்க என்ன ஊத்தினாலும் பெருசா ஒண்ணும் தெரியாது. ரெண்டு வழில வருது. ஒண்ணு சீரம். எஃப்பிஎஸ்ங்கறது கன்னுக்குட்டிக் கருவோட ரத்தம், அதுல ஸ்டீராய்டு ஹார்மோன் இருக்கும். எம்சிஎஃப்-7 10 பிகோமோலார் எஸ்ட்ரடையாலுக்கே நல்லா வளரும், கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு மில்லிக்கு 3 பிகோகிராம் கூட வராது. அவ்ளோ சின்ன அளவைத் தெரிஞ்சுக்கற செல்லை 10 சதவீதம் சீரத்துல போட்டுட்டு இலை என்ன பண்ணுதுன்னு கேட்டா அது எப்படிச் சொல்லும்?

ரெண்டாவது அந்த ரோஸ் கலர், ஃபீனால் ரெட். pH பாக்கறதுக்குன்னு எல்லா மீடியத்துலயும் சேர்க்கற சாயம். 1986ல இலினாய்ல காட்ஸெனெல்லன்போகன் குழு இதுவே ஒரு வீக் ஈஸ்ட்ரோஜன் மாதிரி எம்சிஎஃப்-7ஐ வளர்க்குதுன்னு காமிச்சாங்க, அதுவரைக்கும் உலகம் பூரா எத்தனையோ லேப்ல ஹார்மோன் இல்லாத கன்ட்ரோல்னு நெனச்சு வெச்சிருந்ததுல ஹார்மோன் மாதிரி ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா சாயம் கூட இல்ல, சாயம் தயாரிக்கும்போது கூடவே வர்ற ஒரு கலப்படப் பொருள்தான் காரணம்னு தெரிஞ்சது. அதனால பாட்டிலுக்கு பாட்டில் அளவு மாறும்.

நீங்க பண்ண வேண்டியது: ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் வாங்குங்க, சீரத்தை சார்கோல்-டெக்ஸ்ட்ரான் போட்டு ஸ்ட்ரிப் பண்ணுங்க, அதாவது கரித்தூளை வெச்சு ஹார்மோனை உறிஞ்சி எடுத்துடறது. ரெடிமேடாவும் கிடைக்கும், ஆனா நாங்க நாங்களே பண்ணிக்குவோம். கரித்தூளும் டெக்ஸ்ட்ரானும் கலந்த பஃபரை முதல்ல ஸ்பின் பண்ணி பெல்லட் எடுத்து, அதுல சீரத்தை ஊத்தி, 4 டிகிரில ராத்திரி பூரா மெதுவா சுத்தவிட்டு, காலைல ஸ்பின் பண்ணி, மேல நிக்கறத மட்டும் எடுத்து திரும்பவும் ஒரு தடவை ஸ்பின். கருப்பு கொஞ்சம்கூட சேந்து வரக்கூடாது, வந்தா 0.22 மைக்ரான் ஃபில்டர் ரெண்டு நிமிஷத்துல அடைச்சுக்கும், சிரிஞ்சை அமுக்கி அமுக்கி கட்டை விரல் வீங்கிடும். முடிச்சதும் சீரம் கொஞ்சம் வெளிறி தெளிஞ்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் முக்கியமானது, பிளேட்ல போடறதுக்கு மூணு நாலு நாள் முன்னாடியே செல்லை இந்த மீடியத்துக்கு மாத்தி பழைய ஹார்மோனைக் கழுவி விடணும், நடுவுல ரெண்டு மூணு தடவை மீடியம் மாத்துங்க. 10,000 செல் ரொம்ப ஜாஸ்தி, இடமே இல்லாம போயிடும். 2000 மாதிரி போட்டு 6 நாள் விடுங்க. அமெரிக்கால டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில அனா சோட்டோவும் கார்லோஸ் சோனென்ஷைனும் கொண்டு வந்த இ-ஸ்க்ரீன் (எம்சிஎஃப்-7 வளர்றத வெச்சு ஈஸ்ட்ரோஜன் வேலையை அளக்கறது) முறைலயும் 6 நாள்தான். 48 மணி நேரத்துல இந்த செல்லு ஒரு தடவையோ ஒன்றரை தடவையோதான் ரெண்டாகும், அதுக்குள்ள வித்தியாசம் எங்க தெரியப்போகுது. 6 நாள்ங்கறதால ஓர வெல்லு எல்லாம் காஞ்சு போகும், அதுல சும்மா பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்திட்டு உள்ள இருக்கற 60 வெல்லை மட்டும் பயன்படுத்துங்க.

எஸ்ட்ரடையால் பல மடங்கு வளர்ச்சி காட்டற வரைக்கும் இலைய எடுக்கவே எடுக்காதீங்க.

நிறப்பிரிகை:

கரித்தூள் அக்கா சொன்னதெல்லாம் சரி, நான் கெமிஸ்ட்ரி பக்கம், எம்டிடி பத்தி மட்டும் சொல்லிடறேன் ஏன்னா இதுல நெறைய பேர் ஏமாறுறாங்க. எம்டிடி மஞ்சளா இருக்கும், உயிரோட இருக்கற செல்லு அதை ரெட்யூஸ் பண்ணா ஊதா ஃபார்மசான் ஆகும், அதைத்தான் நாம செல் எண்ணிக்கைன்னு எடுத்துக்கறோம். ஆனா ரெட்யூஸ் பண்ண செல்லுதான் வேணும்னு இல்ல. இலைல இருக்கற ஃப்ளேவனாய்டு, டானின் எல்லாம் அதுவாவே எம்டிடியை ஊதாவாக்கும். நம்பலன்னா நாளைக்கே பண்ணிப் பாருங்க, செல்லே இல்லாத வெல்லுல மீடியம் மட்டும் ஊத்தி உங்க அஞ்சு டோஸையும் போட்டு எம்டிடி சேர்த்து நாலு மணி நேரம் வைங்க. ஊதா வந்துச்சுன்னா உங்க நம்பர் எல்லாம் அந்த அளவுக்குப் பொய்.

அதுக்கும் மேல, எம்டிடி அளக்கறது செல்லோட மெட்டபாலிசத்தை, எண்ணிக்கைய இல்ல. எண்ணிக்கை மாறாமலே செல்லு சுறுசுறுப்பானாலும் ரீடிங் ஏறும். 1.3 மடங்குங்கறது அப்படிக் கூட வரலாம். எஸ்ஆர்பி பண்ணுங்க, செல்லை டிசிஏ அமிலம் போட்டு அப்படியே ஃபிக்ஸ் பண்ணி நல்லா கழுவிட்டு புரோட்டீனுக்கு சாயம் ஏத்தறது, கழுவும்போதே எக்ஸ்ட்ராக்ட் போயிடும். இல்லன்னா டிஎன்ஏ அளவு. ஒண்ணுமே இல்லன்னா டிரிப்ஸின் போட்டு ஹீமோசைட்டோமீட்டர்ல எண்ணுங்க, கண்ணு வலிக்கும் ஆனா பொய் சொல்லாது.

இன்னொண்ணு, 100ல சாகறதுக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல. ஜெனிஸ்டீனையே (சோயால இருக்கற ஐசோஃப்ளேவோன்) எடுத்துக்கோங்க, 1 மைக்ரோமோலார் பக்கத்துல எம்சிஎஃப்-7ஐ வளர்க்கும், 10ஐ தாண்டி மேல போகப் போக வளர்ச்சிய நிறுத்தும். ரெண்டுமே உண்மை. கீழ ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டற புரோட்டீன்) வழியா, மேல வேற வழியா. அது டைரோசின் கைனேஸை (வளர்ச்சி சிக்னலைக் கடத்தற என்சைம்) தடுக்கும்னு 1987லயே ஜப்பான்ல கண்டுபிடிச்சிட்டாங்க. உங்க இலைல ஜெனிஸ்டீன் இருக்குன்னு நான் சொல்லல, ஆனா நீங்க சொல்ற வளைவு அச்சு அசல் அந்த மாதிரிதான் இருக்கு, அதனாலதான் கீழ்ப்பக்கத்தை வெட்டக்கூடாது. வெட்டினா மேல்பக்கத்துக்கும் அர்த்தம் இல்லாம போயிடும்.

கண்ணாடிக்குடுவை:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. சால்வன்ட் பிளாங்க் ஓட்டுனீங்களா? டிஎம்எஸ்ஓ (எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கற திரவம்) கன்ட்ரோலை சொல்லல. இலையே போடாம வெறும் மெத்தனாலை அதே ஃபிளாஸ்க், அதே ஃபில்டர் பேப்பர், அதே ரோட்டவேப், அதே பிளாஸ்டிக் டியூப்னு முழு வழியும் ஓட்டி, கடைசில கண்ணுக்கே தெரியாம மிஞ்சறத டிஎம்எஸ்ஓல கரைச்சு செல்லுல போடறது.

ஏன் இவ்ளோ வற்புறுத்தறேன்னா, மேல அக்கா சொன்ன சோட்டோ, சோனென்ஷைன் லேப்லயே நடந்தது இது. திடீர்னு ஒருநாள்ல இருந்து எஸ்ட்ரடையால் போடாத பிளேட்டும் போட்ட பிளேட் மாதிரியே வளர ஆரம்பிச்சிருக்கு. மாசக்கணக்கா தேடி கடைசில பாத்தா அவங்க சீரம் வெச்சிருந்த சென்ட்ரிஃபியூஜ் டியூப்! கம்பெனி பிளாஸ்டிக்கோட கலவைய மாத்தியிருக்கு, அதுல இருந்து நோனைல்ஃபீனால் கசிஞ்சு சீரத்துல கலந்திருக்கு. 1991ல எழுதினாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துல ஸ்டான்ஃபோர்ட்ல இன்னொரு கதை, ஈஸ்ட் ஏதோ ஈஸ்ட்ரோஜன் தயாரிக்குதுன்னு நெனச்சு அதைப் பிரிச்சு எடுத்துப் பாத்தா பிஸ்ஃபீனால் ஏ. ஈஸ்ட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, மீடியத்தை ஆட்டோகிளேவ் பண்ண பாலிகார்பனேட் ஃபிளாஸ்க்ல இருந்து வந்தது. 1993 அது.

அவங்க தேடினதாலதான் நமக்குத் தெரியும். தேடாம ஈஸ்ட்ல புது ஹார்மோன்னு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? எக்ஸ்ட்ராக்ட் பண்றவங்களுக்கு இது இன்னும் ஆபத்து, ஏன்னா லிட்டர் கணக்குல சால்வன்ட் ஊத்தி மில்லிகிராம் கணக்குல காய்ச்சி எடுக்கறோம், பிளாஸ்டிக்ல இருந்து கொஞ்சூண்டு வந்தாலும் அதுவும் சேந்து காய்ச்சப்படுது. கண்ணாடி மட்டும் பயன்படுத்துங்க. பாராஃபிலிம் கூட மெத்தனால் ஆவி படற இடத்துல சுத்தாதீங்க.

இரவுபிளேட்:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். செல்லு இல்லாத வெல்லு டெஸ்ட் இன்னிக்கே பண்ணிட்டேன். 0.1, 1 ரெண்டும் மஞ்சளாவே இருக்கு. 10ல லேசா. 50லயும் 100லயும் நல்லா ஊதா, ஒரு செல்லு கூட இல்லாத வெல்லுல! பாத்துட்டு பத்து நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.

அப்போ 100ல 30 சதவீதம் மிச்சம்னு சொன்னேனே அதுல பாதி எக்ஸ்ட்ராக்டே பண்ண ஊதாதான் போல. கொல்றது நான் நெனச்சதை விட ஜாஸ்தி. ஆனா 1 மைக்ரோகிராம்ல அந்தக் கோளாறு இல்ல, அப்போ அது வேற ஏதோ. மெத்தனால் பிளாங்கும் ஓட்டிட்டு இருக்கேன்.

இப்போ கேள்வி, எல்லாம் சரி பண்ணி அப்பவும் 1 மைக்ரோகிராம்ல வளர்ந்தா, அது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் வழியாத்தான்னு எப்படி காட்டறது? கைடுகிட்ட எதை எடுத்துட்டுப் போனா ஒத்துக்குவாரு? லூசிஃபெரேஸ் இருக்கற செல்லு (ரிசெப்டர் வேலை செஞ்சா வெளிச்சம் வர்ற மாதிரி மாத்தினது) ஒண்ணு பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருக்காம், அதை வாங்கட்டுமா?

பூட்டும்சாவியும்:

வளர்ச்சிய மட்டும் வெச்சு ஹார்மோன்னு சொல்ல முடியாது, இன்சுலின், இஜிஎஃப் எதைப் போட்டாலும் இந்த செல்லு வளரும். அதனால ஒரே ஒரு பிளேட் பண்ணுங்க. எக்ஸ்ட்ராக்ட் தனியா, எக்ஸ்ட்ராக்ட் கூட ஃபுல்வெஸ்ட்ரன்ட், எஸ்ட்ரடையால் தனியா, எஸ்ட்ரடையால் கூட ஃபுல்வெஸ்ட்ரன்ட், ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும். பழைய பேப்பர்ல ஐசிஐ 182,780ன்னு இருக்கும், அதேதான். இது ரிசெப்டர்ல உக்காந்து அதையே சிதைக்க வெச்சிடும், 100 நானோமோலார்ல இருந்து 1 மைக்ரோமோலார் வரைக்கும் போடுவாங்க. 1 மைக்ரோகிராம்ல வந்த வளர்ச்சி இதைப் போட்டதும் கன்ட்ரோல் அளவுக்கு இறங்கினா ரிசெப்டர் வழிதான். இறங்கலன்னா வேற வழி. அதே பிளேட்ல 50ம் சேருங்க, ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டும் போடாமலும் ஒரே மாதிரி செத்தா கொல்றதுக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லன்னு அதுவே சொல்லிடும். ரிசெப்டர் இல்லாத எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய் செல்லு இருந்தா அதுலயும் ரெண்டு டோஸையும் போடுங்க.

கைடுகிட்ட வாக்குவாதத்தோட போகாதீங்க. அந்தப் பிளேட்டோட போங்க. நானும் ஸ்டூடன்ட்ஸ் பாக்கறேன், யாராவது வந்து சார் நீங்க சொல்றது தப்புன்னா எனக்கும் கோவம் வரும், ஆனா மேஜைல டேட்டாவை வெச்சுட்டு இதை எப்படி சார் புரிஞ்சுக்கறதுன்னு கேட்டா நானும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருவேன்.

லூசிஃபெரேஸ் செல்லு வாங்குங்க, தப்பில்ல, வேகமா வரும், 24 மணி நேரத்துல முடியும். ஆனா செடிப் பொருளுக்கு அதுல ஒரு குழி இருக்கு. ஜெனிஸ்டீன், ரெஸ்வெராட்ரால் மாதிரி சிலது மின்மினி லூசிஃபெரேஸ் என்சைம்லயே ஒட்டி அது சிதையாம காப்பாத்தும். என்சைம் தேங்கும், வெளிச்சம் ஏறும், ரிசெப்டர் அவ்ளோ வேலை செஞ்சிருக்காது. எஸ்ட்ரடையால் குடுக்கற உச்சத்தையே தாண்டி 150, 200 சதவீதம்னு வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. 2010லயே இதை விரிவா காட்டியிருக்காங்க. அதனால கூடவே எம்சிஎஃப்-7லயே டிஎஃப்எஃப்1, பிஜிஆர், ஜிஆர்இபி1 இந்த மூணு ஜீனோட ஆர்என்ஏவை கியூபிசிஆர்ல பாருங்க. இதெல்லாம் எஸ்ட்ரடையாலுக்கு செல்லு சொந்தமா குடுக்கற பதில், லூசிஃபெரேஸ் ஏமாத்தறதுக்கு இடமே இல்ல.

செல்லு வாங்கும்போது எஸ்டிஆர் ப்ரொஃபைல் (செல்லு எதுன்னு காட்டற டிஎன்ஏ அடையாளம்) இருக்கான்னு கேளுங்க. பிஜி-1னு ஒரு செல்லு, சினைப்பைப் புற்றுநோய்ல இருந்து வந்ததுன்னு நம்பி ஓஇசிடிங்கற பல நாட்டு அமைப்போட டெஸ்ட் வழிகாட்டுதல் வரைக்கும் போன டெஸ்ட்ல இருந்தது, பின்னாடி டிஎன்ஏ பாத்தா எம்சிஎஃப்-7 வகை. டெஸ்ட் வேலை செய்யுது, அதுல சந்தேகமில்ல, ஆனா பேரையே விஎம்7ன்னு மாத்த வேண்டியதாச்சு.

அப்புறம் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்ல ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகை, எம்சிஎஃப்-7ல ஆதிக்கம் பண்றது ஆல்ஃபா. 1996ல ஸ்வீடன்ல எலியோட புரோஸ்டேட்ல இருந்து பீட்டா ரிசெப்டரைக் கண்டுபிடிச்சாங்க, செடிப் பொருள் பலதுக்கும் பீட்டா மேலதான் ஒட்டுதல் ஜாஸ்தி, ஜெனிஸ்டீனுக்கு ரொம்பவே ஜாஸ்தி. அதனால எம்சிஎஃப்-7ல வீக்கா தெரியறது பீட்டா இருக்கற திசுல வீக்கா இருக்கும்னு எழுதிடாதீங்க.

மகள்ஒருத்தி:

மன்னிக்கணும், நான் சயின்ஸ் படிச்சவ இல்ல. அம்மா மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு டாமாக்ஸிஃபென் (மார்பகத்துல ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கற மாத்திரை) சாப்பிடறாங்க, அதனால இந்த மாதிரி பேச்செல்லாம் தேடித் தேடிப் படிப்பேன். ஒரு இடத்துல சோயா புற்றுநோயைக் கொல்லும்னு இருக்கு, இன்னொரு இடத்துல வளர்க்கும்னு இருக்கு, இங்க படிச்சா ரெண்டுமே ஒரே பிளேட்ல வருதுங்கறீங்க. நாங்க என்னதான் நம்பறது?

கரித்தூள்:

மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா, நீங்க கேக்கறதுதான் முக்கியமான கேள்வி. நாங்க பிளேட்ல பாக்கறது செல்லுக்கு மேல நேரா ஊத்தினா என்ன ஆகும்னு. சாப்பிடும்போது அப்படி நேரா போறதில்ல. சோயாவுல ஐசோஃப்ளேவோன் பெரும்பாலும் சர்க்கரை ஒட்டின வடிவத்துல இருக்கு, குடல்ல அந்தச் சர்க்கரை கழண்டாத்தான் உள்ள போகும், போனதும் குடலும் கல்லீரலும் சேந்து அதுல குளுக்குரோனைடு, சல்ஃபேட்னு வேற ஒண்ண ஒட்டிவிட்டுடும், ரத்தத்துல சுத்தறது பெரும்பாலும் இந்த மாத்தின வடிவம்தான். அதனால 100 மைக்ரோகிராம்ல கொல்லுதுன்னு ஒருத்தர் எழுதினா அந்த அளவு உடம்புக்குள்ள வரவே வராதுன்னு வெச்சுக்கலாம்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. எம்சிஎஃப்-7 கட்டியை உடம்புல வளர்த்த எலிகளுக்கு ஜெனிஸ்டீன் குடுத்தப்போ டாமாக்ஸிஃபெனோட பலனைக் கெடுத்துச்சுன்னு 2002ல வந்தது. பயம்தான். ஆனா ஷாங்காய்ல மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட 5042 பெண்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து 2009ல எழுதினாங்க, சோயா உணவு அதிகமா சாப்பிட்டவங்கள்ல நோய் திரும்பறதும் இறப்பும் குறைவாத்தான் இருந்துச்சு, டாமாக்ஸிஃபென் எடுத்தவங்கள்லயும் அப்படித்தான். சாப்பாடு வேற, கேப்ஸ்யூலா காய்ச்சி அடைச்ச எக்ஸ்ட்ராக்ட் வேற. அம்மாவுக்கு எந்த மூலிகைக் கேப்ஸ்யூலும் பொடியும் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட டப்பாவையே கொண்டு போய் காட்டுங்க. எங்க பிளேட்டை வெச்சு முடிவெடுக்காதீங்க. அம்மா நல்லா இருக்கணும்.

பூட்டும்சாவியும்:

இதோட ஒண்ணு சேத்துக்கறேன், பிளேட் பெருசா காட்டி உடம்புல ஒண்ணும் ஆகாத மாதிரி, பிளேட்ல வீக்கா தெரிஞ்சு உடம்புல பெருசா ஆனதும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியால 1940கள்ல ஒரு வகை க்ளோவர் புல் மேஞ்ச செம்மறி ஆடுங்க கூட்டம் கூட்டமா சினை பிடிக்காம போச்சு. அந்தப் புல்லுல இருந்த ஃபார்மோனோனெட்டின் தனியா பாத்தா ரிசெப்டர்ல ரொம்ப சுமாராத்தான் ஒட்டும். ஆட்டோட வயித்துல இருக்கற நுண்ணுயிரிங்க அதை டெய்ட்ஸீனாக்கி அப்புறம் ஈக்குவால் ஆக்கிடும், அது நல்லா ஒட்டும். மனுஷங்கள்ல ஈக்குவால் பண்ற குடல் பாக்டீரியா எல்லாருக்கும் கிடையாது, மூணுல ஒருத்தர்ல இருந்து ரெண்டுல ஒருத்தர் வரைக்கும்னு சொல்வாங்க. செல் பிளேட்டுக்கு வயிறு இல்ல, அதை மறக்கவே கூடாது.

இரவுபிளேட், உங்க எக்ஸ்ட்ராக்ட்லயும் சர்க்கரை ஒட்டினதுதான் ஜாஸ்தி இருக்கும். பீட்டா-குளுக்கோசிடேஸ் போட்டு கழட்டி ஒரு செட், கழட்டாம ஒரு செட் பண்ணுங்க.

இரவுபிளேட்:

ஏழு வாரம் ஆச்சு, எழுதறேன்னு சொல்லிட்டு லேட் ஆயிடுச்சு. கரி சீரம் முதல் தடவை ஃபில்டர் அடைச்சு பாதி போச்சு, ரெண்டாவது தடவை சரியா வந்தது. ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், நாலு நாள் கழுவினேன், 2000 செல், 6 நாள், எஸ்ஆர்பி. எஸ்ட்ரடையால் இப்போ 4.2 மடங்கு காட்டுது! அந்த நம்பரைப் பாத்தப்போ கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ரெண்டு வருஷமா அந்த செல்லு என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம இருந்த மாதிரி இருந்தது.

மெத்தனால் பிளாங்க் சுத்தம், கன்ட்ரோல் அளவுதான். எக்ஸ்ட்ராக்ட் 1 மைக்ரோகிராம்ல 1.9 மடங்கு. ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டா 1.0. 50ல செல்லு சாகுது, ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டாலும் போடாட்டியும் அதே. 231லயும் 50ல சாகுது, 1ல ஒண்ணும் ஆகல. குளுக்கோசிடேஸ் போட்ட செட்ல வளைவே இடது பக்கமா நகர்ந்துடுச்சு, 0.1லயே வளர ஆரம்பிக்குது.

கைடுகிட்ட பிளேட்டைக் கொண்டு போய் வெச்சேன். ரொம்ப நேரம் பேசாம பாத்தாரு. அப்புறம் ஃபுல்வெஸ்ட்ரன்ட் வரிசைய விரலால தொட்டு இதை இன்னொரு ரெண்டு தடவை ரிப்பீட் பண்ணு, முழு வளைவையும் போடலாம், தலைப்பையும் மாத்தணும்னாரு. ஃபெலோஷிப் ஆறு மாசம் நீட்டிக்கறதுக்கு அவரே லெட்டரும் எழுதறாரு.

இப்போ எக்ஸ்ட்ராக்டைப் பகுதி பகுதியா பிரிக்க (ஃபிராக்ஷன்) ஆரம்பிச்சிருக்கேன், சிலிகா காலம்ல (column) ஓட்டி எட்டு ஃபிராக்ஷன். இதுல எதைக் கவனிக்கணும்?

நிறப்பிரிகை:

அருமை! உங்க போஸ்ட்டை என் ஸ்டூடன்ட்ஸ் மூணு பேருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்.

ஃபிராக்ஷன்ல ஒண்ணு, எட்டையும் போட்டுப் பாத்தா எதுலயுமே பழைய ஆக்டிவிட்டி வராம போகலாம். பயப்படாதீங்க, எட்டையும் அதே விகிதத்துல திரும்ப ஒண்ணா கலந்து போடுங்க. கலந்ததும் திரும்பி வந்தா ரெண்டு மூணு பொருள் சேந்து பண்ற வேலை அது, வரலன்னா சிலிகாலயே ஏதோ தங்கிடுச்சு இல்ல கெட்டுப்போச்சு. ஆக்டிவ் ஃபிராக்ஷன் கிடைச்சா மாஸ் ஸ்பெக் பாக்கும்போது பெருசா தெரியற பீக்தான் ஆளுன்னு முடிவு பண்ணிடாதீங்க, கூமெஸ்ட்ரால், 8-ப்ரெனைல்நரிஞ்செனின் மாதிரி பொருளெல்லாம் கொஞ்சூண்டு இருந்தாலே போதும், பக்கத்துல இருக்கற சின்ன பீக்ல கூட இருக்கலாம். தெரிஞ்ச ஸ்டாண்டர்டை வாங்கி எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கற அதே அளவுல போட்டு, எக்ஸ்ட்ராக்டோட வேலைல எவ்ளோ பங்கை அது மட்டுமே பண்ணுதுன்னு கணக்குப் பாருங்க.

கரித்தூள்:

4.2ன்னு படிச்சதும் எனக்கும் சந்தோஷம் தாங்கல தங்கம். இப்போ உடனே ஒண்ணு பண்ணுங்க, இந்தப் பாசேஜ் (செல்லைப் பிரிச்சு புதுசா வளர்க்கற ஒவ்வொரு தடவையும் ஒரு பாசேஜ்) செல்லை ஒரு பத்து வயலாவது ஃப்ரீஸ் பண்ணி வைங்க, பாசேஜ் நம்பர், தேதி எழுதி. இந்த செல்லு லேபுக்கு லேப் மாறும், ஒரே லேப்லயே பாசேஜ் ஏற ஏற எஸ்ட்ரடையாலுக்குப் பதில் சொல்றது குறைஞ்சுட்டே போகும், ஆறு மாசம் கழிச்சு 4.2 வந்தது 2 ஆச்சுன்னா இலைல தேடாதீங்க, நைட்ரஜன் டாங்க்ல இருந்து ஒரு வயலை எடுங்க. ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சர்ல தொத்திக்கற பாக்டீரியா) டெஸ்ட் பண்ணிடுங்க. சீரம் லாட் நம்பரையும் குறிச்சு வைங்க, அதே லாட் இன்னும் ரெண்டு பாட்டில் கிடைச்சா இப்பவே வாங்கிடுங்க.